நாற்பத்தேழாம் நம்பர் மண்

சிங்காரம் நல்ல மனுஷன் என்று அவன் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் அவனோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். பிடிவாதக்காரன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு வாய் வேண்டுமா என்று யாரையும் கேட்கமாட்டான். கஞ்சப்பயல் என்று நினைத்திருந்தேன். தன் கை பட்ட சோற்றை நீட்டி, வேண்டாம் என்று ஒருத்தர் முகம் சுளிப்பதைப் பார்க்க முடியாமல்தான் அப்படித் திரும்பிக்கொள்கிறான் என்று எனக்கு உறைக்க நாலு வருஷம் ஆனது.

திருவெண்ணெய்நல்லூரைத் தாண்டிப் பெண்ணையாற்றங்கரையில் அவன் ஊர். விழுப்புரம் தனி ஜில்லா ஆன வருஷம் அவனுக்கு வயது இருபத்தாறு, கல்யாணமாகி இரண்டு வருஷம். ஊருக்கு வந்த நர்சம்மா அவன் முதுகில் வெளுத்திருந்த இடத்தைப் பேனா மூடியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை. பெருநோய். இரண்டு வருஷம் அட்டை அட்டையாக மாத்திரை தின்றான். உடம்பு அடுப்புக்கரி போலக் கறுத்தது. நோய் போனது. இடது கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியபடி நின்றது. பாதம் இரண்டிலும் உணர்ச்சி திரும்பவே இல்லை.

அந்த இரண்டு வருஷத்துக்குள் அண்ணன்மார் இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வாய்க்கால் பாயும் நிலம் அவர்களுக்கு. ஆற்று விளிம்பில், வெள்ளம் வந்தால் முழுகிப்போகும் அரைக்காணி இவனுக்கு. பெண்டாட்டி அம்சாவைக் கூட்டிப்போக அவள் அப்பன் வந்தபோது அவள் சொன்னாளாம்: "மாத்திரை தின்னா போயிடும்னு நர்சம்மா சொல்லிக்கிறாங்க. போவலன்னா அப்பால வர்றேன், நீ கெளம்பு."

திண்டிவனத்துக்கு வெளியே புதிதாக ஒரு கல்லூரி வந்தது. நோய் பார்த்த டாக்டர் சொல்லி அங்கே பரிசோதனைக் கூடத்தில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவ நான் சேர்ந்தேன். என் புருஷன் குடித்துவிட்டு லாரியில் விழுந்து செத்து ஆறு மாசம் ஆகியிருந்தது.

முதல் நாளே என்னிடம் வந்து நின்றான்.

"யக்கா, எனக்கு அந்த வியாதி இருந்துச்சு. இப்ப இல்ல. தெரிஞ்சுக்கினு பக்கத்துல ஒக்காரு."

"என் புருஷனுக்குக் குடி இருந்துச்சு. இப்ப ஆளே இல்ல. நீ ஒக்காருடா."

சிரிக்கவில்லை. உட்கார்ந்தான்.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. அப்புறம்தான் பரிமளா மேடம் வந்தாள். ஒல்லியான பெண், ஓயாத பேச்சு. மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் படிக்க வந்தவள். டிபி வரவைக்கிற பூச்சிக்கும், சிங்காரத்தைப் பிடித்த பூச்சிக்கும் மண்ணில் பங்காளிகள் உண்டாம். அவை யாரையும் ஒன்றும் செய்யாதாம். அந்தச் சாது ஜாதியில் சரியான ஒன்றைக் கண்டுபிடித்து, அதைக் கொன்று, ஊசியில் உடம்புக்குள் விட்டால் உடம்பு முழித்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் வியாதியோடு, அது பெருநோயோ புற்றுநோயோ, தானே மல்லுக்கு நிற்கும் என்றாள்.

சிங்காரம் கேட்டான். "அப்ப என்னைப் புடிச்சது அண்ணன், இது தம்பியா மேடம்?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

"எங்கண்ணனுங்க பண்ணதே இன்னும் ஆறல. தம்பியாச்சும் ஒழுங்கா இருக்கானான்னு பாப்போம்."

பஸ்ஸில் போய் மண் கொண்டுவருவது அவன் வேலை ஆனது. மரக்காணம் உப்பளம், செஞ்சி மலையடி, இரும்பை ஏரி என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நாற்பத்தேழாம் நம்பர் அவனுடைய அரைக்காணி மண். வெள்ளம் வடிந்து கரும்புச் சோகை மக்கிக் கிடந்த மூலையில் தோண்டினானாம். அதைக் கரைத்துத் தேய்த்த கண்ணாடித் தட்டில் மூன்று வாரம் கழித்து மஞ்சள் நிறத்தில் கடுகு கடுகாக எழும்பியது. மேடம் அதைப் பிரித்து வளர்த்தாள், கொன்றாள், உடம்பில் புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்குப் போட்டாள். பத்தில் ஏழு எலிக்குக் கட்டி சுருங்கியது.

நான் கை தட்டினேன். மேடம் தட்டவில்லை. "ஒரு தடவ நடந்தா நடந்ததா அர்த்தமில்ல வடிவம்மா. இன்னும் ரெண்டு தடவ நடக்கணும். அதுக்கு முன்னாடி, இதுக்குள்ள விஷம் எதுவும் ஒளிஞ்சிருக்கான்னு படிச்சுப் பாக்கணும்."

படிப்பது என்றால், அந்தப் பூச்சியின் உடம்புக்குள் அறுபது லட்சம் எழுத்து வரிசையாக இருக்கிறதாம். அதன் சாற்றை எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினாள். உயிரோடு அனுப்பவில்லை, சாறு மட்டும்தான். எழுத்தெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் திரும்பி வந்தது. ஒரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவற்றை அந்தக் கெட்ட பூச்சிகளின் எழுத்தோடு ஒத்துப் பார்த்தாள். நுரையீரலை அரிக்கிற வரி, நரம்பைத் தின்கிற வரி எல்லாம் அதுகளுக்கு உண்டு. இதற்கு இருக்கிறதா என்று தேடினாள். எழுத்து தெரியாத நான் தரையைத் துடைத்துக்கொண்டே பார்ப்பேன். எறும்பு போவது போல ஓடும்.

தானே புயல் அடித்துக் கல்லூரிக் கூரையெல்லாம் பறந்த மறு மாசம் அவள் எழுந்து வந்து சிங்காரத்திடம் சொன்னாள். "கெடுக்கற வரி ஒண்ணுகூட இல்ல. உங்க மண்ணுல இருந்தது சுத்தமான சாது."

அவன் மடங்கிய விரலை மேசை மேல் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் பிடித்து ஊருக்குப் போய், அண்ணன்கள் வீட்டு வாசலில் நின்று, நம் நிலத்திலிருந்து ஊசிமருந்து வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறான். அண்ணி பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணி கொடுத்தாளாம். அவன் குடித்ததும் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாளாம்.

"வரட்டும்க்கா. ஊசி வரட்டும். அந்தப் பொம்பள பேத்திக்கே போடுவாங்க" என்றான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஊரே ஒதுக்கின உடம்பு, யாருக்கும் வேண்டாத நிலம், அதிலிருந்து நாலு பேரைப் பிழைக்க வைக்கிற ஒன்று.

நாற்பத்தேழு உயிரோடு இருந்தது எங்கள் பெரிய பிரீசரில் மட்டும். விரல்நுனி அளவு குப்பிகள், முந்நூறுக்கு மேல். பாதி மேல்தட்டில், பாதி கீழ்த்தட்டில், ரெண்டும் ஒரே பெட்டிக்குள். நான் கேட்டே விட்டேன். "மேடம், நகையைக்கூட ஒரே பீரோவுல வைக்கமாட்டாங்க. வேற எங்கியாச்சும் கொஞ்சம் குடுத்து வையுங்களேன்."

"வெளிய போச்சுன்னா எவனாவது அவன் பேர்ல போட்டுக்குவான் வடிவம்மா. எலி வேலை முடிஞ்சு பேப்பர் வரட்டும்."

அதே வருஷம் ஆயுத பூஜை வந்தது. மேடம் ஐதராபாத்தில் ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தாள். போகும்போது, வெளியே இருக்கிற தட்டையெல்லாம் கழுவிச் சுத்தம் செய்துவிடச் சொன்னாள். பிரீசரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்ற வருஷங்களில் அவள் பூஜையில் பக்கத்தில் நின்று, பிரீசருக்குப் பொட்டு வைத்ததும், "இதை மட்டும் நிறுத்தாதீங்க" என்பாள். அந்த வருஷம் நிற்க அவள் இல்லை.

தராசு, மைக்ராஸ்கோப்பு, சுத்துகிற மிஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தான் சிங்காரம். ஒவ்வொன்றாக நிறுத்தினான். பொரி படைத்துக் கற்பூரம் காட்டினான். பூஜை போட்ட சாமானைத் திருப்பி எடுக்கிற வரைக்கும் ஓட்டக்கூடாது. எங்கள் பக்கம் மண்வெட்டியைக்கூடத் தொடமாட்டார்கள். அறை முழுக்க அமைதி. பிரீசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

நான்தான் வாயைத் திறந்தேன். "இன்னாடா, எல்லாம் ஓய்வா இருக்குது, இது மட்டும் சாமிக்கு முன்னால கத்திக்கினு கெடக்குது?"

"மேடம் நிறுத்தமாட்டாங்கக்கா."

"மேடம் நிறுத்தமாட்டாங்க, மேடம் நிறுத்தமாட்டாங்க. உனுக்கு அறிவு இல்ல? பதினாலு மணி நேரம் கரண்டு இல்லாத ஊர்ல இது தானாவே எத்தினி தடவ நின்னு எழுந்துக்குது! மூணு நாளு ஜெனரேட்டரு போட ஆளு கெடையாது. லோ வோல்டேஜு வந்து மோட்டாரு பொகைஞ்சா மேடம் உன்னையத்தான் கேப்பாங்க."

யோசித்தான். "மீன் பொட்டி மூடியே இருந்தா ரெண்டு மூணு நாளு ஐஸு கரையாது. அது மாதிரிதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சுவிட்சைத் தட்டினான்.

மூன்று நாள் லீவு முடிந்து காலையில் கதவைத் திறந்ததும் தரையில் தண்ணி. பிரீசருக்குள் அட்டைப் பெட்டிகள் ஊறிப் பிளந்து, குப்பிகள் தண்ணியில் மிதந்தன. புளித்த நாற்றம். சிங்காரம் முட்டியைக் கட்டிக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேடம் மத்தியானம்தான் வருவாங்க. ஜல்தி எழுந்திரு. கழுவி வச்சிடலாம்" என்றேன்.

"கேக்காமயா?"

"நாறிக்கினு கெடக்குது, கேட்டுக்கினு நிப்பியா? கெட்டுப்போனது எதுவா இருந்தாலும் வேவவச்சுத்தான் கொட்டணும்னு அவங்கதானே சொல்லிக் குடுத்தாங்க?"

நான் முந்நூறு குப்பியையும் கூடையில் அள்ளினேன். கெட்ட தட்டுகளை வேகவைக்கப் பெரிய குக்கர் ஒன்று உண்டு, அது என் பொறுப்பு. எப்போதும் இருபது நிமிஷம் வைப்பேன். அன்றைக்கு நாற்பது வைத்தேன்.

மேடம் வந்தாள். சிங்காரம் நடந்ததைச் சொன்னான். அவள் முகம் வெளுத்தது, உடனே தெளிந்தும் போனது. சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

"சரி, கரைஞ்சா கரைஞ்சுட்டுப் போகுது. மண்ணுல வெயில்லயும் மழையிலயும் கெடந்த ஜாதிங்க, மூணு நாள்ல சாகாது. ஒவ்வொரு குப்பியிலயும் ஒரு சொட்டு எடுத்துத் தட்டுல தேச்சா திரும்ப வந்துடும். குப்பிங்க எங்க?"

நாங்கள் இருவரும் குக்கரைப் பார்த்தோம். அதன் மேல் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவள் கத்தியிருந்தால் தேவலை. குக்கர் மூடியைத் தொட்டுப் பார்த்து, கை சுட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எழுத்தெல்லாம் இருக்கு. அறுபது லட்சமும் இருக்கு. அதை வச்சுக்கிட்டு ஒரு எலிக்குக்கூட ஊசி போட முடியாது."

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்த அறைக்கு வெளியே நான் துடைப்பத்தோடு நின்றேன். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான் சார்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல சார்."

வேகவைத்தது யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். வேலை போனால் எனக்குச் சோறு கிடையாது. அலங்கரித்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சிங்காரத்தை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டான். சிங்காரம் துணிப்பையோடு நின்றான். பையில் மண் பொட்டலங்கள்.

"அதே மூலைக்கா. கொஞ்சம் தள்ளித் தள்ளித் தோண்டினேன். மேடத்தாண்ட குடு. அது அங்கதான் இருக்கும், எங்க போயிடப் போவுது?"

அதே மூலை என்றான், ஆனால் அந்த மூலை பாதிதான் மிச்சம். மணல் லாரிகள் ஆற்றைக் குடைந்ததில் கரை சரிந்து, சோகை மக்கிய இடம் ஆற்றோடு போயிருந்தது. மிச்சமிருந்த விளிம்பில் தோண்டினான். வாராவாரம் வந்தான். விழுப்புரத்தில் பஸ் மாறி, நாலு மணி நேரம். கூலிக்குப் போகிற நாளில் ஒன்றை இதற்கு விட்டான். உள்ளே விடமாட்டார்கள், அதனால் கேட்டில் பையை வாங்குவது நான். மேடம் ஒன்றையும் ஒதுக்கவில்லை, எல்லாவற்றையும் தட்டில் வளர்த்தாள். மூன்று வாரம் காத்திருந்து மஞ்சளாக வந்ததை எல்லாம் பழைய எழுத்தோடு ஒத்துப் பார்த்தாள். நெருங்கின சொந்தம் நாலு கிடைத்தது. அசல் நாற்பத்தேழு ஒன்றுகூட இல்லை.

"ஒரு கைப்பிடி மண்ணுல ஆயிரம் ஜாதி வடிவம்மா. அன்னைக்கு அது நம்ம கைக்கு வந்ததே ஆச்சரியம்தான்" என்றாள்.

அதை நான் அவனிடம் அப்படியே சொன்னேன். "நிறுத்தித் தொலைடா, போதும்."

"உனுக்கு இன்னாக்கா, நான்தானே தோண்டறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். குக்கர் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. எடுத்து என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி, தப்பு என்னுது என்று உளறியிருப்பேனோ என்னவோ. அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒன்றேகால் வருஷம் பையை வாங்கி வாங்கி உள்ளே கொண்டுபோனேன்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் வந்து நின்றான். நாற்றம் அடித்தது. குனிந்து பார்த்தேன். வலது செருப்பின் அடியில் உடைந்த பாட்டில் துண்டு, செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் போயிருந்தது. விரல்கள் கறுத்திருந்தன.

"எத்தினி நாளாடா இது?"

"எது?"

"வலிக்கல?"

"வலிச்சா தெரிஞ்சிருக்குமேக்கா." பையை நீட்டினான். "பதினோரு பொட்டலம் இருக்குது. வெயில்ல வைக்காத."

நானே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாதத்தை எடுத்தார்கள். நாலு நாள் கழித்து முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் அதற்குள் மேலே ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள் செத்தான். வயது நாற்பத்தேழு. காரியத்துக்கு அண்ணன்மார் வந்து வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணிகூடக் குடிக்கவில்லை.

பதினோரு பொட்டலத்துக்கும் மூன்று வாரம் ஆன அன்று மேடம் தட்டுகளைத் திறந்தாள். மஞ்சளாக ஒன்றே ஒன்று வந்திருந்தது. அதன் எழுத்து வர இன்னும் பத்து நாள். வந்தது. உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் சொன்னேன். "மேடம், அன்னைக்கு வேவவச்சது நான். அவனை நிறுத்தச் சொன்னதும் நான்."

"குக்கர் உங்க வேலை. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அவனை மட்டும் அனுப்புனீங்க?"

"ஒருத்தரை அனுப்பணும்னாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வெளிய ஒரு குப்பிகூடக் குடுக்காம பூட்டி வச்சது யாருன்னும் கேக்கல. நானும் சொல்லல."

மறுவாரம் அம்சா கேட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். கடைசிப் பையில் என்ன கிடைத்தது என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"கெடைக்கல அம்சா."

தலையை ஆட்டினாள். போகத் திரும்பினாள். அப்படியே போகவிட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"அதை வேவவச்சுக் கொன்னது நான். அவன் இல்ல. வேவவைக்காம வுட்டிருந்தா பொழைச்சிருக்கும்."

அவள் திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"வாராவாரம் இங்க நின்னு பையை வாங்கினது நீதானே?"

"நான்தான்."

"ஒரு நாளாச்சும் அவுராண்ட, இது ஏம்மேல தப்பு, நீ ஏன் தோண்டறன்னு கேட்டியா?"

"இல்ல."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பாரா?"

"தெர்ல."

"எனக்கும் தெர்ல" என்றாள். "ஆனா கேட்டிருக்கணும்."

வெயிலில் ரோட்டைத் தாண்டி விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றாள். நான் கொண்டுபோன தண்ணியை வாங்கிக்கொள்ளவில்லை. பஸ் வருகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவும் இல்லை.